மௌனம் சம்மதமாகாத நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு

அன்புள்ள தம்பிக்கு,

வேலையில் சேர்ந்த புதிதில், வங்கி ஊழியர் எடுத்துச் சொன்னார் என்று மாதம் 12.90 யூரோ கட்டணத்தில் 'கிரோகொன்டோ' எனப்படும் ஒரு நடப்புக் கணக்குக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஓராண்டு ஆகிவிட்டது. இப்போது அதே வங்கியில் குறைந்த கட்டணக் கணக்குக்கு இறங்கலாமா, இல்லை கட்டணமே இல்லாத வங்கிக்கு மாறிவிடலாமா என்று கேட்கிறாய். ஆண்டுக்கு 154 யூரோ 80 சென்ட் என்று பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்கான விடையை வங்கிகளின் விலைப்பட்டியலில் தேடாதே. எந்த வங்கி மலிவு என்பது பிறகு வரும் கேள்வி. போன ஆண்டு நீ இந்தக் கணக்கை வைத்து என்னென்ன செய்தாய் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் கணக்கை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டணத்தைத் தவிர்த்து இன்னொரு கட்டணத்தில் போய் விழுகிறார்கள்.

அதைத் தெரிந்துகொள்ளும் வழியைச் சட்டமே கொடுத்திருக்கிறது. 2018 அக்டோபர் 31 முதல், ஜெர்மனியில் உள்ள ஒவ்வொரு வங்கியும் ஆண்டுக்கு ஒரு முறையாவது 'என்ட்கெல்ட்ஔஃப்ஷ்டெல்லுங்' என்ற கட்டண விவரத்தை இலவசமாகத் தர வேண்டும். உன் இணைய வங்கியின் அஞ்சல் பெட்டியில், நீ திறந்தே பார்க்காத பிடிஎஃப்களுக்கு நடுவே அது கிடக்கும். எந்தச் சேவைக்கு, எத்தனை முறை, மொத்தம் எவ்வளவு எடுத்தார்கள் என்று வரி வரியாக இருக்கும். அதோடு ஒரு மாதக் கணக்கு அறிக்கையையும் எடுத்து, பதிவுகளை எண்ணிப் பார். பேக்கரியில் ஒரு பிரெட்சல் வாங்கிக் கார்டைத் தட்டினாலும் அது ஒரு பதிவுதான். ஏன் எண்ணச் சொல்கிறேன் என்றால், அடிப்படைக் கட்டணம் குறைவாக உள்ள சில கணக்குகளில் ஒவ்வொரு பதிவுக்கும் தனிக் காசு உண்டு. மாதம் 2.90 யூரோ, பதிவுக்கு 35 சென்ட் என்று ஒரு கணக்கு இருப்பதாக வைத்துக்கொள். மாதம் 40 பதிவு என்றால் அதற்கே 14 யூரோ, மொத்தம் 16.90. மலிவு என்று இறங்கிய கணக்கு, இப்போது வைத்திருப்பதைவிட 4 யூரோ கூடுதலாக வாங்கிவிடும். மாதத்துக்கு ஆறேழு பதிவு மட்டுமே உள்ள ஓய்வூதியக்காரருக்கு அதே கணக்கு லாபம். கணக்கில் குறையில்லை, ஆளுக்கு ஆள் பொருத்தம் மாறுகிறது.

அடுத்து, அந்த 12.90-க்குள் என்னென்ன அடக்கம் என்று பார். இந்த வகைக் கணக்குகளில் பொதுவாகக் கடன் அட்டை, பயணக் காப்பீடு, கிளையில் காகிதப் படிவத்தில் பணம் அனுப்பும் வசதி ஆகியவை சேர்ந்திருக்கும். நீ எல்லாவற்றையும் கைபேசியிலேயே செய்கிறாய். காகிதப் படிவத்தைத் தொட்டதே இல்லை. உடனடிப் பணப் பரிமாற்றத்துக்காக விலை கூடிய கணக்கு வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2025 ஜனவரி 9 முதல், யூரோ நாடுகளில் உடனடிப் பரிமாற்றத்துக்குச் சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகம் வாங்கக் கூடாது என்பது விதி. மிஞ்சுவது கடன் அட்டையும் காப்பீடும். ஊருக்குப் போகும்போது அந்தக் காப்பீட்டை உண்மையிலேயே நம்பிப் போகிறாய் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் பயணச்சீட்டை அந்த அட்டையில் வாங்கினால்தான் செல்லும் என்பது போன்ற நிபந்தனைகளைப் படித்துவிட்டு மதிப்புப் போடு. டிஸ்போ எனப்படும் மிகைப்பற்று வசதியையும் மறக்காதே. 11 சதவீத வட்டியில் 1,000 யூரோவை ஆறு மாதம் இழுத்தடித்தால் 55 யூரோ போய்விடும். மாதக் கடைசியில் கணக்கு சிவப்பில் போகிற பழக்கம் உள்ளவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணத்தைவிட வட்டி விகிதம்தான் முக்கியம்.

"இலவசக் கணக்கு இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு?" என்று நீ கேட்பாய். நியாயந்தான். இணைய வங்கிகள் பல இன்று நல்ல சேவையே தருகின்றன. ஆனால் அந்த இலவசங்களில் பலவற்றுக்கு நிபந்தனை உண்டு: மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை கணக்குக்குள் வர வேண்டும், அல்லது உன் வயது ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. சம்பளம் வரும்வரை இது உறுத்தாது. வேலை போய், அடுத்தது கிடைக்கும்வரை கைக்காசில் ஓட்டும் மாதங்களில்தான் கட்டணம் தலைகாட்டும். பணம் இருப்பவனுக்கு இலவசம், இல்லாதவனுக்குக் கட்டணம் என்ற இந்த ஏற்பாடு எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனாலும் சட்டப்படி அதில் தவறில்லை. இணைய வங்கிக்குக் கிளை இல்லாவிட்டாலும், ரொக்கம் எடுப்பது இப்போது பெரிய சிக்கல் இல்லை. ரேவே, லிடில் போன்ற கடைகளில் சாமான் வாங்கும்போதே 200 யூரோ வரை எடுக்கலாம். ரொக்கம் செலுத்துவதுதான் கடினம். கையில் காசாகவே வருமானம் வருகிற உணவகக்காரர்களுக்கும், சீட்டுப் பிடிக்கிற நம்மவர்களுக்கும் கிளை உள்ள ஷ்பார்காஸேயோ ஃபோல்க்ஸ்பாங்கோ கேட்கும் கட்டணம் வீண் செலவு ஆகாது. உன் நிலை அதுவல்ல.

இனி, வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமல் போடும் உன் பழக்கத்தைப் பற்றி. 2021 ஏப்ரல் 27 அன்று கார்ல்ஸ்ரூஹேயில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. நுகர்வோர் மையங்களின் கூட்டமைப்பு போஸ்ட்பாங்க் மீது தொடுத்த வழக்கு அது. இரண்டு மாதத்தில் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் நிபந்தனை மாற்றங்களுக்கும் கட்டண மாற்றங்களுக்கும் வாடிக்கையாளர் சம்மதித்ததாகக் கொள்ளும் விதி செல்லாது என்றது நீதிமன்றம். கணக்கைத் தொடர்ந்து மூன்றாண்டுக்கு மேல் பயன்படுத்தினாலே சம்மதம் ஆகிவிடும் என்று வங்கிகள் பிறகு வாதாடிப் பார்த்தன. 2024 நவம்பர் 19 அன்று அதே நீதிமன்றம் அதையும் தள்ளுபடி செய்துவிட்டது. நீயே கையெழுத்திட்ட 12.90-ஐ இதைக் காட்டித் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் நாளை அதை 14.90 ஆக்கினால், உன் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அந்த 2 யூரோவை எடுக்க முடியாது. மீறி எடுத்ததைத் திருப்பிக் கேட்டால் வங்கி கணக்கையே மூடிவிடாதா என்ற பயம் பலருக்கு உண்டு, அதில் உண்மையும் உண்டு: தனியார் வங்கி இரண்டு மாத அறிவிப்பில் கணக்கை முடித்துக்கொள்ளலாம். பொதுத்துறை நிறுவனமான ஷ்பார்காஸேக்குத் தக்க காரணம் வேண்டும். எப்படியும் மாறப்போகிறவனுக்கு அந்த மிரட்டலால் என்ன நஷ்டம்?

மாறுவது தலைவலி என்பது இன்னொரு தயக்கம். 2016 செப்டம்பர் முதல் புதிய வங்கியே இதைச் செய்து தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நீ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், நிலையான கட்டளைகள், கடந்த 13 மாதங்களில் வந்த பணம், போன பற்றுகள் ஆகியவற்றின் பட்டியலைப் பழைய வங்கி ஐந்து வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். 13 மாதம் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் வரும் வாகன வரியும் காப்பீட்டுத் தவணையும்கூட அந்தப் பட்டியலில் சிக்கிவிடும். பேபால், ஃபினான்ட்ஸ்ஆம்ட் எனப்படும் வரி அலுவலகம் ஆகியவற்றில் மட்டும் ஐபிஏஎன் எண்ணை நீயே ஒரு முறை சரிபார்த்துக்கொள். பழைய கணக்கை உடனே மூடாதே. இரண்டு மூன்று மாதம் கொஞ்சம் பணத்தோடு விட்டுவை. மூடுவதற்கு முன் அறிக்கைகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொள். மூடிய பிறகு அந்த அஞ்சல் பெட்டி திறக்காது. மூடுவதற்கு உன்னிடம் கட்டணம் கேட்க முடியாது, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்லவும் முடியாது.

ஆக, நீ எழுதியதை வைத்து என் கருத்து இது. காப்பீட்டை நீ பயன்படுத்தவில்லை, ரொக்கம் செலுத்துவதில்லை, டிஸ்போவில் விழுவதும் இல்லை, இந்த 12.90 உனக்குத் தேவையில்லாத செலவு. முதலில் அதே வங்கியில் கீழ்நிலைக் கணக்குக்கு இறங்கிவிடு. ஐபிஏஎன் மாறாது, யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை, 6.90 யூரோக் கணக்கு என்றால் ஆண்டுக்கு 72 யூரோ மிச்சம். பிறகு பதற்றமில்லாமல் மற்ற வங்கிகளைப் பார். தனியார் ஒப்பீட்டுத் தளங்களுக்குப் பெரும்பாலும் வங்கிகளிடமிருந்து தரகு கிடைக்கிறது. நிதிக் கண்காணிப்பு அமைப்பான பாஃபின் 2025 ஜனவரியில் தொடங்கிய கணக்கு ஒப்பீட்டுத் தளத்தில் அந்தச் சிக்கல் இல்லை, அங்கே தேடு. வேலை போனாலும் இலவசமாகவே இருக்கும் கணக்கு அதில் அகப்பட்டால் தயங்காமல் மாறு. அகப்படாவிட்டால் இறங்கிய இடத்திலேயே இரு. இந்த வார இறுதியிலேயே அந்தக் கட்டண விவரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, அதில் என்ன இருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்