போப்பையர் கல்லும் கல்லறை காக்கும் அன்பரும்

திருக்குறள், நாலடியார், திருவாசகம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப்பையரைப்பற்றி நம் நாட்டில் ஒரு செய்தி பெரிதும் வழங்குகின்றது. தம் கல்லறைமீது 'தமிழ் மாணவன்' எனப் பொறிக்குமாறு அவர் விரும்பினாரென்றும், அவ்வாறே அங்குப் பொறிக்கப்பட்டுள்ளதென்றும் மேடைகளிற் பேசக் கேட்டிருக்கின்றோம். நாமும் வகுப்பில் அங்ஙனமே கூறியதுண்டு. ஆயின் அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. உள்ளது யாது என்பதையும், அத்தகைய கற்களைக் கூலி பெறாது காத்துவரும் அன்பர்கள் செய்யும் பணி எத்தன்மைத்து என்பதையும் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

போப்பையர் 1820-ஆம் ஆண்டில் கனடா நாட்டுப் பிரின்ஸ் எட்வர்ட் தீவிற் பிறந்தவர். இளமையிலேயே தென்னாடு போந்து, சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம் முதலிய இடங்களில் ஊழியஞ் செய்து, முதுமையில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையிற் றமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908-ல் தேகவியோகமானார். அவரை அடக்கஞ் செய்த இடம் அந்நகரின் வால்டன் தெருவை அடுத்த செயின்ட் செபுல்கர் கல்லறைத் தோட்டமாகும். நகரத்து ஆலய முற்றங்கள் பிரேதங்களால் நிரம்பி இடமற்றுப் போகவே, 1848-ல் அத்தோட்டம் திறக்கப்பட்டது. பேலியல் கல்லூரித் தலைவராயிருந்த ஜோவெட் பண்டிதரும் அங்கேயே துயில்கின்றார். திருவாசக மொழிபெயர்ப்பை நிறைவேற்றத் தம் ஆயுள் போதுமோ என்று போப்பையர் தயங்கிய காலத்தில், அவரை ஊக்கி முன்செலுத்தியவர் இந்த ஜோவெட்டே. நூல் 1900-ல் வெளிவந்தபோது அதனைக் காண அவர் இல்லை; ஏழாண்டுகட்கு முன்னரே காலஞ் சென்றுவிட்டார். இருவரும் இன்று ஒரே தோட்டத்தில் உறங்குவது நினைக்கத்தக்கது.

கல்லறைத் தோட்டம் பாழாவதற்குக் காரணம் பெரும்பாலும் பகைமையன்று, வருவாயின்மையே. புதிய அடக்கங்கள் நிகழுங்காறும் கட்டணம் வரும், காவலாளும் இருப்பான். குழிகள் நிரம்பிய பின்னர்க் கட்டணம் நின்றுவிடும், புல் அறுப்பாரில்லை, உரியவர்களின் பேரப்பிள்ளைகள் வேற்றூர்களிற் குடியேறி விடுவர். செபுல்கர் தோட்டத்திலும் அடக்கங்கள் நின்று நெடுங்காலமாயிற்று. அதன் நண்பராக ஒரு குழுவினர் சேர்ந்து, புதர் நீக்கிக் கற்களைப் படித்து, ஒவ்வொரு கல்லின் கீழும் உறங்குவார் யாவரென்று பழைய பதிவேடுகளிலே தேடி எழுதி வெளியிட்டு வருகின்றனர். பேராசிரியர்க்கு மட்டுமன்றிக் கடை வைத்து வாழ்ந்தார்க்கும் அவர்கள் சரித்திரம் எழுதியிருத்தல் பாராட்டத்தக்கது.

போப்பையர் கல்லிற் காணப்படுவது இது: அவர் தென்னிந்தியாவைச் சார்ந்தவர் என்பதும், ஆக்ஸ்போர்டில் அவர் வகித்த பதவிகளும் முதலிற் கூறப்பட்டுள்ளன. அதன்பின், கீழ்நாட்டு இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் அவர் வாழ்நாள் முழுதும் ஆற்றிய தொண்டை வியந்து, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் அக்கல்லை நாட்டினர் என்று எழுதப்பட்டுள்ளது. 'தமிழ் மாணவன்' என்னுங் கதை இனிமையுடையதே. ஆனால் அக்கதையைச் சொல்லிச் சொல்லி நாம் மறந்தது யாரை? கடல் கடந்து ஒரு கல் நாட்டுதற்குத் துணைநின்ற நம் முன்னோரையன்றோ? கல்லில் அவர்க்கு இடமுண்டு. நம் கதையில் இல்லை. ஆதலின் கல்லைக் காத்தலென்பது அதிலுள்ள எழுத்தை உள்ளவாறு காத்தலேயாம் என்பது எம் கருத்து.

இப்பணியிற் புகுவோர் முதலில் அறியவேண்டுவது கை வையாதிருத்தலை. ஆர்வத்தால் விளைந்த கேடு அசட்டையால் விளைந்த கேட்டினுஞ் சிறிதன்று. கம்பித் தூரிகை கொண்டு தேய்த்தாலும், திராவகம் பூசினாலும், விசையோடு நீரைப் பீச்சினாலும் கல் அன்று பளிச்சென்றிருக்கும். ஆனால் மேற்றோல் போய்விட்டமையால் சில ஆண்டுகளில் எழுத்து உதிரத் தொடங்கும். சலவைக்கல் நிலக்கரிப் புகை கலந்த மழைக்கே கரைவது. அதனைத் திராவகத்தாற் கழுவுதல் எழுத்தை அழிப்பதேயாகும். கழுவியே ஆகவேண்டுமாயின், தூய நீரும் மென்மயிர்த் தூரிகையும் போதும். கல்லை முன்னரே நனைத்துக் கீழிருந்து மேனோக்கிக் கழுவுவர். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் உலர்ந்த பகுதியில் வழிந்து கறை படியும். அசையுங் கல்லையும் பொருக்குவிடுங் கல்லையும் தொடவே கூடாது. ஐவிக் கொடியைப் பிடுங்கினால் வேரோடு கல்லும் பெயர்ந்துவரும். அடித்தண்டை அறுத்துவிட்டு, அது தானே காயும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

உடைந்த கல்லைச் சிமெந்தால் ஒட்டுவது மற்றொரு தவறு. சிமெந்து கல்லினும் கடியது. உள்ளேயுள்ள ஈரத்தை வெளிவிடாது. ஆகவே ஒட்டிய இடம் நிற்க, அதன் அருகே கல் பிளக்கும். பழைய கொத்தர் கையாண்ட சுண்ணாம்புச் சாந்தே தக்கது. இரும்புப் பட்டைகளும் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளந்துவிடும்.

எழுத்துத் தேய்ந்த கல்லைப் படிக்க மாவும் சுண்ணக்கட்டியும் பூசுவாருளர்; அதுவும் தீங்கே. ஒரு முகக்கண்ணாடியால் வெயிலைத் திருப்பிக் கல்லின் பக்கவாட்டிற் சாய்வாக வீழ்த்தினால், கண்ணுக்குப் புலனாகாத எழுத்தும் நிழலால் எழுந்து தோன்றும். படித்ததை வரிக்கு வரியாக, பிழையிருப்பின் பிழையோடு எழுதல் வேண்டும். ஐயமான எழுத்திற்குப் புள்ளியிட வேண்டுமேயன்றி ஊகித்து நிரப்பலாகாது. 'தமிழ் மாணவன்' கதை பரவியதும் கல்லைப் பாராமற் சொல்லியதாலன்றோ?

நம் மாகாணத்திலும் இவ்வேலை நடந்ததுண்டு. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துக்களைத் தொகுத்து 1905-ல் அச்சிட்டார். கல் சிதைந்தாலும் எழுத்தை நமக்குத் தருவது அத்தகைய ஏடேயாம். 1976-ல் தியான் வில்கின்சன் என்பார் இங்கிலாந்தில் தென்னாசியக் கல்லறைகளுக்கென ஒரு சங்கங் கண்டார். அதன் பத்திரிகைக்குச் 'சௌகிதார்' என்று நம் நாட்டுக் காவற்காரன் பெயரையே இட்டுள்ளனர்.

விடுமுறையில் தம் ஊர் ஆலய முற்றத்திற்குச் சென்று கல்லெழுத்துக்களைப் படிக்க விழையும் மாணவர், குருவானவரிடம் முதலில் அனுமதி பெறுக. குறிப்புப் புத்தகம், பென்சில், சிறு முகக்கண்ணாடி இவை போதும். தூரிகையை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்லலாம்.