மாவு புளித்தால் நச்சு உலோகம் போகுமா?

பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் இரவு அரைத்து வைக்கும் இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கும். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, அமிலத்தையும் வாயுவையும் வெளியிடுவதே இதற்குக் காரணம். இந்த நொதித்தலைக் கொண்டு கன உலோகம் கலந்த அரிசியைச் சுத்தப்படுத்த முடியுமா?

அரிசிக்குள் காட்மியம்

ஜப்பானின் தொயாமா பகுதியில், கமியோகா சுரங்கத்தின் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயல்களின் நெல்லில் காட்மியம் சேர்ந்தது. அந்த அரிசியை நெடுங்காலம் உண்டவர்களின் சிறுநீரகங்கள் பழுதடைந்தன; எலும்புகள் வலுவிழந்து முறிந்தன. ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்ற பொருளில் அந்நோய்க்கு ‘இத்தாய்-இத்தாய்’ என்று பெயர் வந்தது. காட்மியமே காரணம் என்று 1968இல் ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது. 2013இல் சீனாவின் குவாங்சோ நகரில் சோதித்த 18 அரிசி, அரிசிப் பொருள் மாதிரிகளில் 8, வரம்பை மீறியிருந்தன. அங்கு ஒரு கிலோகிராம் அரிசிக்கு வரம்பு 0.2 மில்லிகிராம்.

முதல் வழி: கழுவி நீக்குதல்

காட்மியம் ஒரு தனிமம். எந்தப் பாக்டீரியாவாலும் அதை அழிக்க முடியாது. இடம் மாற்றத்தான் முடியும். அரிசியில் அது பெரும்பாலும் புரதத்துடன் பிணைந்திருக்கிறது. நொதிக்கும்போது பிஎச் மதிப்பு குறைவதால் அந்தப் பிணைப்பு தளர்கிறது. காட்மியம் அயனியாக நீரில் கரைகிறது. அந்த நீரை வடித்துவிட்டு மாவைக் கழுவினால் காட்மியத்தின் பெரும்பகுதி நீங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

இரண்டாம் வழி: எரிபொருள்

அரிசி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட்டால் நொதிக்க வைத்தால் எத்தனால் கிடைக்கும். எத்தனாலின் கொதிநிலை 78 பாகை செல்சியஸ். காட்மியத்தின் கொதிநிலை 767 பாகை. ஆகவே காய்ச்சி வடிக்கும்போது எத்தனால் ஆவியாகிப் பிரியும். உலோகம் அடிச்சக்கையில் தங்கிவிடும். அந்தச் சக்கையைக் கால்நடைகளுக்குத் தீவனமாகக் கொடுக்கக் கூடாது.

அப்படியானால் இட்லி மாவு?

இட்லி மாவு புளித்தாலும் அதிலிருந்து நீரை நாம் வடிப்பதில்லை. பழைய சோற்றிலோ நீரையும் சேர்த்தே குடிக்கிறோம். எனவே இவற்றில் உலோகம் குறையாது. அரிசியைச் சுத்தம் செய்வது, ஆய்வகச் சோதனையுடன் ஆலையில் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் முயல வேண்டாம்.

வடித்த நீரையும் சுத்திகரிக்க வேண்டும். அதை அப்படியே கிள்ளான் ஆற்றில் கொட்டினால் காட்மியம் கடலைச் சேர்ந்து, கெராங் போன்ற சிப்பிகளின் உடலில் சேரும். பின்னர் நம் தட்டுக்கே திரும்பிவிடும்.

சிந்தித்து விடையளிக்க

1. பாலைத் தயிராக்கினால் அதிலுள்ள ஈயம் குறையுமா? ஏன்?
2. நொதித்த அரிசியை வடித்த நீரிலிருந்து காட்மிய அயனிகளை எவ்வாறு பிரிக்கலாம்?