பர்கி நீர்த்தேக்கமும் பளிங்குப் பாறைகளும்

மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூருக்கு அருகே நர்மதையின் குறுக்கே எழுப்பப்பட்ட பர்கி அணை 1990இல் நிறைவெய்தியது. பாசனமும் மின்சாரமுமே அதன் நோக்கங்கள். உல்லாசப் படகுப் பயணம் பின்னர் வந்து சேர்ந்த பயனாகும்.

அணைக்குக் கீழே, பேடாகாட்டில், நதி துவாந்தார் அருவியாக வீழ்ந்து, வெண்பளிங்குப் பாறைகளுக்கிடையே ஒடுங்கி ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் பூமியினுள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியதே இப்பளிங்கு. பாறைகளின் அழகு இயற்கையின் கொடை. ஆயினும் அவற்றைக் காணும் வாய்ப்பு அணையின் நீர் நிர்வாகத்தையும் சார்ந்தது. மழைக்காலத்தில் 21 மதகுகளில் பல திறக்கப்படுங்கால் அருவியே வெள்ளத்தில் மறைந்துவிடுவதுண்டு. அப்பருவத்தில் படகுகள் நிறுத்தப்படுகின்றன. படகோட்டிகளின் வருவாயும் நின்றுவிடுகிறது.

சுற்றுலா வருவாயை மதிப்பிடுவோர் ஒரு செலவினத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். இந்நீர்த்தேக்கத்தால் 162 கிராமங்கள் பாதிப்புற்றன. நிலமிழந்தோர் போராடி, 1994இல் தம் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் உரிமை பெற்றனர். உழுத கைகள் வலை வீசக் கற்றுக்கொண்டன! ஆனால் அவ்வேற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை.

படகுத்துறை வருவாய்க்கும் இதே வினா பொருந்தும். பயணியின் கட்டணத்தில் ஒரு பங்கு இடம்பெயர்ந்தோரின் சங்கங்களுக்குச் சேருமாறு விதி வகுப்பது கடினமன்று. துறையில் படகோட்டவும், சிற்றுண்டிக் கடை நடத்தவும் உரிமம் வழங்குங்கால், அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை அளிப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையே போதும்.