108 அடி அடித்தும் அத்தானுக்கு ஏன் இந்தச் சந்தோஷம்?

கேள்வி: என் அக்காவின் கணவர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஐம்பது வயது தாண்டிய பிறகு கோல்ஃப் பழகியவர். சனிக்கிழமை என்றால் விடியக்காலை ஐந்து மணிக்கே எழும்பி ஆடப் போய்விடுவாராம். பிறகு எங்களோடு வீடியோவில் கதைக்கும்போது, "இண்டைக்கு 108" என்பார். 72 அடியில் முடிக்க வேண்டிய ஆட்டம் அது என்று அக்கா சொல்கிறா. அப்படியென்றால் படுதோல்விதானே? ஆனால் அத்தானின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பதினாறாம் குழியில் அடித்த ஒரேயொரு அடியைப் பற்றிப் பத்து நிமிடம் கதைப்பார். இது பணக்காரரின் விளையாட்டு, அந்தப் பெருமைதான் காரணம் என்கிறார் என் கணவர். உண்மையில் என்னதான் இருக்கிறது இதில்? இன்னொன்று: யாழ்ப்பாணத்திலும் இப்படியொரு மைதானம் வந்தால் நல்லதுதானே?
— ஒரு வாசகி, சாவகச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, நல்ல கேள்வி. போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரி அதைவிட நல்லது. பதினாறாம் குழியில் அடித்த அடியைப் பற்றிப் பத்து நிமிடம் கதைப்பார் என்கிறீர்களே, விடயம் அங்கேதான் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன் இரண்டு தவறான எண்ணங்களை விலக்கிவிடுவோம். ஒன்று உங்கள் கணவருடையது, மற்றது உங்களுடையது.

உங்கள் கணவர் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. இலங்கைக்குக் கோல்ஃப் வெள்ளைக்காரரோடு வந்தது. கொழும்பில் 1879இல் கழகம் தொடங்கிக் காலிமுகத் திடலில் ஆடினார்கள். பிறகு பொரளைக்கு மாறினார்கள். நுவரெலியாக் கழகம் 1889இல் வந்தது. துரைமாரும் அதிகாரிகளும் ஆட, நம்மவர்கள் மட்டைப் பையைச் சுமந்து பின்னால் நடந்த காலம் அது. ரொறன்ரோவில் நிலைமை வேறு. அங்கே மாநகரசபையே ஐந்து பொது மைதானங்களை நடத்துகிறது. அவற்றில் டாம் ஓ'ஷான்டர் என்ற மைதானம் நம் சனம் செறிந்து வாழும் ஸ்காபரோவில்தான் இருக்கிறது. கட்டணத்தைக் கட்டிவிட்டு யாரும் ஆடலாம். அத்தோடு, பெருமைக்காக ஆடுகிற மனிதர் 108 என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

இனி உங்கள் எண்ணத்துக்கு வருகிறேன். குறைந்த அடியில் முடித்தால் சந்தோஷம், கூடினால் கவலை என்று நினைக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒவ்வொரு குழிக்கும், தேர்ந்த ஆட்டக்காரர் எத்தனை அடியில் பந்தைப் போடுவார் என்று ஓர் எண் குறித்து வைத்திருப்பார்கள். அதைப் 'பார்' என்பார்கள். 3, 4, 5 என்று குழிக்குக் குழி மாறும்; 18 குழிக்கும் கூட்டினால் பெரும்பாலும் 72 வரும். அக்கா சொன்ன கணக்கு அதுதான். ஆனால் சாதாரண ஆட்டக்காரரை யாரும் அந்த எண்ணோடு ஒப்பிடுவதில்லை. அவருக்கென்று 'ஹண்டிகாப்' இருக்கிறது. அதாவது, பாரைவிட எத்தனை அடி கூடுதலாக எடுக்கக்கூடியவர் என்று காட்டும் எண். 2020இலிருந்து உலகம் முழுவதற்கும் இதைக் கணிக்க ஒரே முறை நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8ஐ மட்டும் எடுத்து, மைதானத்தின் கடினத்துக்கேற்பச் சரிசெய்து, சராசரி பார்க்கிறார்கள்.

இந்தக் கணக்கை ஊன்றிப் பாருங்கள். மோசமான பன்னிரண்டு நாட்களை விட்டுவிட்டு நல்ல எட்டை மட்டும் சேர்ப்பதால், அந்த எண் அவருடைய நல்ல நாளின் எண். வழமையான நாளில் அவர் அதைவிட மோசமாகவே ஆடுவார். அந்த எண்ணைத் தொடுவது நான்கைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை கிடைத்தால் போதும் என்ற நிலைதான். திருப்தி எண்ணுக்குள் இருந்திருந்தால், உலகத்துக் கோல்ஃப் ஆட்டக்காரரில் பெரும்பாலோர் பெரும்பாலான சனிக்கிழமைகளில் முகம் வாடித்தான் வீடு திரும்புவார்கள். ஒரு வருடத்தில் மட்டையை விற்றும் விடுவார்கள். அப்படி நடக்கவில்லையே.

ஆகவே காரணம் வேறெங்கோ இருக்கிறது. எங்கே? கையில்.

கோல்ஃப் பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக்கூடாது; விட்டம் 42.67 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. முழு வீச்சில் அடிக்கும்போது மட்டையின் முகமும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்து நசுங்கி, மீண்டு, கிளம்பிவிடுகிறது. மட்டை முகத்தில், அதன் எடை மையத்துக்கு நேரே, ஒரு சின்ன இடம் உண்டு. பந்து அங்கே பட்டால் மட்டை முறுகாது. விசை வீணாகாமல் பந்துக்குப் போகும். கைக்கு அதிர்வு என்று சொல்லும்படி ஒன்றும் வராது. அரை விரற்கடை விலகிப் பட்டாலும் மட்டை திரும்பும், அதிர்வு தண்டு வழியே ஏறி விரல்களைச் சுள்ளென்று தாக்கும். குளிரான விடியலில் அது நன்றாகவே நோகும். 'வடக்கின் போர்' என்ற கிரிக்கெட் ஆட்டத்தில் யாழ் மத்திய கல்லூரிக்கோ சென் ஜோன்ஸுக்கோ துடுப்பெடுத்தாடிய பழைய மாணவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். துடுப்பின் நடுவில் பட்ட அடியைப் பற்றி, "அடிச்சதே தெரியேல்லை" என்பார். இரண்டும் ஒரே பௌதிகம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. கையிலிருந்து நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போய்ச்சேர ஒரு விநாடியின் நூற்றில் ஒன்றிரண்டு பங்காவது வேண்டும். பந்து அதற்குள் மட்டையை விட்டு ஒரு மீற்றர் போயிருக்கும். 'நல்ல அடி' என்று கை உணரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. இனி அதை மாற்றவோ திருத்தவோ வழியில்லை. அறிந்துகொள்ள மட்டுமே முடியும். தலையை நிமிர்த்திப் பந்தைத் தேடுவதற்கு முன்பே அது எங்கே போகிறது என்று தெரிந்துவிடுகிறது. காதும் இதில் சேர்ந்துகொள்ளும். இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஆட்டக்காரர்களை அடிக்கச் சொல்லிக் கேட்டபோது, 'கைக்கு இதமாக இருந்தது' என்று அவர்கள் சொன்னதற்கும் அடியின் ஓசைக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது தெரியவந்தது.

கிரிக்கெட்டிலும் இந்தச் சுகம் இருக்கும்போது கோல்ஃபுக்கு என்ன தனிச்சிறப்பு என்று நீங்கள் கேட்கலாம். கிரிக்கெட்டில் எதிரே ஒருவர் பந்து வீசுகிறார். அவர் பிழையாக வீசிய பந்தை நீங்கள் விளாசியிருக்கலாம். கோல்ஃப் பந்து புல்லில் அசையாமல் கிடக்கிறது. ஏமாற்ற ஆளில்லை, உதவவும் ஆளில்லை. கெட்ட அடிக்குச் சாட்டுச் சொல்ல இடமில்லாதது போலவே, நல்ல அடியையும் எவரோடும் பங்குபோட வேண்டியதில்லை. பெரும்பாலான ஆட்டங்களில் நடுவர்கூட இல்லை. 1925ஆம் ஆண்டின் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில், போட்டிகளில் பணம் வாங்காமல் ஆடிய பொபி ஜோன்ஸ், தன் பந்து இலேசாக அசைந்ததென்று தானே சொல்லித் தனக்கு ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார். வேறு யாரும் அதைக் கண்டிருக்கவில்லை. அந்த ஓர் அடியால் ஆட்டம் சமநிலையாகி, மேலதிக ஆட்டத்தில் பட்டத்தை இழந்தார். உங்கள் அத்தானும் 98 என்று சொல்லியிருக்கலாம், சாவகச்சேரியில் யாருக்குத் தெரியும்? அவர் 108 என்கிறார். அந்த நேர்மையும் ஆட்டத்தின் திருப்தியில் ஒரு பங்கு என்றே நான் எண்ணுகிறேன்.

அப்படிப்பட்ட சுத்தமான அடி 108இல் எத்தனை வரும்? புதிதாகப் பழகியவருக்கு விரல்விட்டு எண்ணலாம். எப்போது வரும் என்றும் தெரியாது. தொலைக்காட்சியில் பார்க்கிறவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர் தவறவே மாட்டார்கள் என்று நம்புகிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் புரோடி எண்களைச் சேர்த்துப் பார்த்தபோது, குழியிலிருந்து ஏறத்தாழ 2.4 மீற்றர் தூரத்தில் அவர்களே இரண்டுக்கு ஒன்றைத் தவறவிடுவது தெரிந்தது. அரிதாகவும் முன்கூட்டிச் சொல்ல முடியாதபடியும் கிடைக்கும் பலன் மனிதரை எப்படிக் கட்டிப்போடும் என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டினார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி விழும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்தியது. இதைச் சொல்லிக் கோல்ஃபையும் லொத்தர் பைத்தியத்தோடு சேர்த்துவிடுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லொத்தர்ச் சீட்டை எத்தனை வருடம் வாங்கினாலும் கை தேறாது, கோல்ஃபில் தேறும்.

சரி, மூன்று நல்ல அடிக்காக நூறு கெட்ட அடியை எப்படி மறப்பது? இதற்கு நம் ஞாபகத்தின் இயல்பு உதவுகிறது. டானியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 1993இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஆட்கள் ஒருமுறை 14 பாகைக் குளிர்நீரில் 60 விநாடி கையை வைத்திருந்தார்கள். இன்னொருமுறை அதே 60 விநாடிக்குப் பிறகு மேலும் 30 விநாடி வைத்திருக்க, நீரின் குளிர் ஒரு பாகை அளவுக்கு மெல்லக் குறைக்கப்பட்டது. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள்! மொத்தமாகப் பட்ட வேதனை அதில்தான் கூட. ஆனால் மனம் கூட்டல் போடுவதில்லை. உச்சத்தையும் முடிவையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. பதினாறாம் குழி என்பது ஆட்டம் முடிய இரண்டு குழிக்கு முன். அத்தானின் நான்கு மணி நேரம் அந்த ஓர் அடியின் நிறத்தை எடுத்துக்கொண்டதில் அதிசயம் ஒன்றுமில்லை.

ஆட்டத்தின் அமைப்பும் இதற்குத் துணை. ஒவ்வொரு குழியும் புதுக்கணக்கு. இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் பிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற ஆங்கில வைத்தியர். ஒரு குழியில் பத்து அடி போனால் அன்றைய நாளே பாழ் என்று ஆட்டக்காரர் சோர்வதைப் பார்த்து, அடியை எண்ணாமல் குழிக்குக் குழி புள்ளி கொடுக்கும் முறையை வகுத்தார். 1932இல் இங்கிலாந்தின் வாலசி கழகத்தில் அம்முறையில் போட்டி நடந்தது. மோசமான குழிக்குப் பூச்சியம், அவ்வளவுதான். அடுத்த குழிக்கு நடக்கலாம். இன்று உலகமெங்கும் சாதாரண ஆட்டக்காரர்கள் விரும்பி ஆடும் முறைகளில் இதுவும் ஒன்று. ஹண்டிகாப்பும் இரக்கமுள்ள ஏற்பாடுதான். 30 உள்ள மாமனாரும் 12 உள்ள மருமகனும் எதிரெதிரே ஆடினால், மாமனாருக்குக் குழிக்கு ஓர் அடி வீதம் 18 அடி சலுகை. இருவரும் மெய்யாகவே போட்டி போடலாம். இப்படி வயதும் திறமையும் வேறுபட்ட இருவர் விட்டுக்கொடுக்காமல் மோதக்கூடிய விளையாட்டுகள் அதிகமில்லை.

மிச்சமுள்ளது நடையும் கதையும். ஓர் அடிக்கு இரண்டு விநாடி என்றாலும் 108 அடிக்கு நான்கு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரமெல்லாம் புல்லில் நடந்துகொண்டு, கூட வரும் மூவரோடு கதைப்பதுதான். பனி விட்ட சில மாதங்களுக்கு மட்டும் அங்கே கிடைக்கும் வாழ்வு அது. ஐந்து மணிக்கு எழும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: குடாநாட்டுக்குக் கோல்ஃப் மைதானம் வேண்டாம். நமக்கு வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின் மேல் ஒரு நன்னீர்ப் படையாக நிற்கிறது. நம் கிணறுகளுக்கு ஆதாரம் அதுதான். கூடுதலாக இறைத்தால் உவர்நீர் மேலேறும். பல கிணறுகள் ஏற்கெனவே அப்படி ஆகிவிட்டன. குழியைச் சுற்றியுள்ள புல்லைக் கம்பளமாக வைத்திருக்க வருடம் முழுக்கத் தண்ணீரும் உரமும் கொட்ட வேண்டும். அந்த உரத்தின் நைத்திரேற்று வெடிப்புள்ள கல்லினூடாக நேரே நிலத்தடி நீருக்குப் போகும். வெங்காயத் தோட்டங்களுக்கு இட்ட உரத்தாலேயே நம் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது. அந்தச் சுமையை விளையாட்டுக்காகவும் கூட்டுவது எந்த வகையிலும் நியாயமில்லை. ஆசையுள்ளவர்களுக்குத் திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை நடத்தும் மைதானம் இருக்கிறது; நுவரெலியாவும் இருக்கிறது.

ரொறன்ரோவுக்குப் போகும் வாய்ப்பு வந்தால், கோடையில் போங்கள். அங்கே மாநகரசபையின் டென்டோனியா பார்க் மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் அடிக்க வேண்டிய தூரம் குறைவு. புதியவர்களுக்கு ஏற்ற இடம். அத்தானிடம் ஒரு மட்டையை வாங்கி நீங்களும் அடித்துப் பாருங்கள். அடிகளை எண்ண வேண்டாம்.