“புள்ளையா நானா?” என்று கேட்ட மருமகளுக்கு



நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதைக் கேட்டேன். அதில் முக்கால்வாசி உன் மாமியார் என்ன சொன்னார், நாத்தனார் என்ன சொன்னார் என்பதுதான். கடைசியில் ஒரே ஒரு வரி உன்னுடையது: “புள்ளையா நானா, அத்தை?” ஃபோனில் பதில் சொன்னால் பாதியில் அழுதுவிட்டு மீதியைக் கேட்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன். மடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படி.

ரெண்டு பேரும்தான். இதுதான் பதில். கர்ப்பத்தைக் கலைத்தால் மார்பில் உள்ள புற்றுநோய் அடங்கிவிடும் என்று உனக்கு யாரடி சொன்னது? கலைத்ததால் தாய் கூடுதலாகப் பிழைத்ததாக எந்த ஆய்வும் காட்டவில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் தெரிந்து, நோயும் வேகமாக இருந்தால் டாக்டரே அந்தப் பேச்சை எடுப்பார். உனக்கு ஐந்தாம் மாதம். சம்மதம் என்று சட்டம் கேட்பது, வயது வந்த பெண் என்றால், அவளுடைய கையெழுத்தை மட்டும்தான். மாமியார் சம்மதம் அதில் எங்கேயும் இல்லை.

“கீமோ புள்ளையை ஒண்ணும் செய்யாதா?” என்பாய். நியாயமான பயம். முதல் மூன்று மாதத்தில் பிள்ளைக்கு இதயம், கை, கால் எல்லாம் உருவாகிற நேரம் என்பதால் அப்போது கீமோ கொடுக்க மாட்டார்கள். 14 வாரம் தாண்டிய பிறகு, நெடுநாளாகப் பழகிய சில மருந்துகளை மட்டும் கொடுப்பார்கள். பெல்ஜியத்தில் லூவன் நகரத்து டாக்டர் ஃபிரடெரிக் அமான்ட் குழுவினர் 2015-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குப் புற்றுநோய் கண்ட 129 குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அவர்களில் 96 பேர் வயிற்றிலேயே கீமோவைக் கண்டவர்கள். இதயத்திலும் அறிவு வளர்ச்சியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிள்ளை கொஞ்சம் எடை குறைந்து பிறக்கலாம். அதற்காகத்தான் அடிக்கடி ஸ்கேன்.

அந்த ஆய்விலேயே உன் மாமியாருக்கும் ஒரு பதில் இருக்கிறது. அறிவு வளர்ச்சியில் பின்தங்கியவை பெரும்பாலும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள். அதில் தாய்க்கு நோய் இருந்ததும் இல்லாததும் ஒன்றாகத்தான் இருந்தது. “எட்டாம் மாசமே வயித்தக் கிழிச்சு எடுத்துட்டு அப்புறம் வைத்தியம் பாத்துக்கலாம்” என்று அவர் சொல்வது பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தான். ஆனால் கூடியமட்டும் 37 வாரமாவது பிள்ளை உள்ளே இருக்கட்டும். கீமோவை 35 வாரத்துக்குள் நிறுத்தி, பிரசவத்துக்கு முன் மூன்று வாரம் இடைவெளி விடுவார்கள். மருந்தில் இறங்கிய ரத்த அணுக்கள் மறுபடி ஏற வேண்டாமா?

கட்டியை எடுக்கும் ஆபரேஷனைக் கர்ப்பத்தில் எந்த மாதத்திலும் செய்யலாம். கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு, ஹார்மோன் மாத்திரை, ஹெர்செப்டின் ஊசி மூன்றும் பிரசவத்துக்குப் பிறகுதான். பிள்ளை பிறந்த பிறகும் கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. பால் வற்ற மல்லிகைப் பூ வைத்துக் கட்டுகிற நம்ம பக்கத்து வழக்கத்தை அப்போது வைத்துக்கொள். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கட்டு. இப்போது மார்பில் எதையும் அரைத்துப் பூசாதே.

ஊசி குத்திப் பார்த்ததால்தான் பரவிவிட்டது என்று நாத்தனார் சொன்னதை நம்பி மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாயாமே? ஊசி குத்தியதால்தானடி நோயின் பெயரே தெரிந்தது. பால் கட்டியிருக்கும் என்று நீ சும்மா விட்ட நாட்கள்தான் வீணான நாட்கள். அதற்காக உன்னை மட்டும் திட்ட மாட்டேன். மாசமாக இருக்கும்போது மார்பு கனக்கும், திரளும். இந்த நோய் தாமதமாகப் பிடிபடுவதே அதனால்தான். அப்போது வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளும்கூட. ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கரையாத கட்டியை ஸ்கேன் செய்தே தீர வேண்டும். உன் தெருவில் மாசமாக இருப்பவர்களிடம் இதைச் சொல்லிவை.

இப்போது கீமோவுக்கு அடுத்த தவணை கேட்கிறாய்: ஜல்லிக்கட்டு முடியட்டும், வளைகாப்பு முடியட்டும். தை மூணாம் நாள் அலங்காநல்லூரில் வீட்டுக்கு வீடு விருந்தாளி என்பது எனக்குத் தெரியாதா? குழம்பு வைக்க வேறு ஆளா இல்லை! வளைகாப்பை ஏழாம் மாதம் தாராளமாகச் செய்யலாம். முடி கொட்டியிருந்தால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார். வளையல் கைக்குத்தானே?

உன் இன்னொரு தப்பு, பாலரெங்காபுரம் புற்றுநோய்ப் பிரிவில் ஒரு ஃபைல், பெரியாஸ்பத்திரி பிரசவப் பிரிவில் ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்திருப்பது. ஊரில் கிராமச் செவிலியரிடமும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பக்கத்து டாக்டர்களும் கலந்து பேசித்தான் தேதி குறிக்க வேண்டும். எல்லாக் காகிதத்தையும் ஒரே பையில் போடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அதில் இருக்கட்டும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் வழி உண்டு.

கர்ப்பிணி என்று நீ பதிந்துகொண்ட 18,000 ரூபாய் மகப்பேறு உதவித் திட்டம் யார் பெயரில் இருக்கிறது, பார்த்தாயா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தவர். பிரசவமும் புற்றுநோயும் அவருக்கு ஒரே வேலையாகத்தான் இருந்தன. உன் டாக்டர்களுக்கும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த முறை போகும்போது மூன்று கேள்வியை எழுதிக்கொண்டு போ: என் கட்டி எந்த வகை? கீமோ எந்தத் தேதியில் தொடங்கி எந்த வாரம் நிற்கும்? பிரசவம் எந்த வாரம்? பதிலை நீயே உன் கையால் எழுதி எனக்கு அனுப்பு. மாமியார் சொன்னது, நாத்தனார் சொன்னது எதுவும் அதில் இருக்கக் கூடாது.

உன் அத்தை