பட்டாணி அளவு பற்பசை போதும்

"பால்பல்தானே, எப்படியும் விழுந்துவிடும்" என்று பெற்றோர் சொல்வதைத் தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் பலரும் கேட்டிருப்போம். ஆனால் பால் கடைவாய்ப்பற்கள் விழ 10 முதல் 12 வயது வரை ஆகும். அதுவரை மெல்லவும், நிலைப்பற்களுக்கு இடம் காக்கவும் அவை தேவை. பல்வலியுடன் வரும் குழந்தைக்கு மதிய உணவும் இறங்காது, பாடத்திலும் மனம் நிற்காது.

சொத்தை எப்படி உண்டாகிறது?

பல்லில் படியும் பாக்டீரியாக்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையும். உமிழ்நீர் அவற்றை மெல்லத் திரும்பச் சேர்க்கும். ஃபுளோரைடு இந்தச் சீரமைப்பை விரைவுபடுத்தி, அமிலத்தைத் தாங்கும் வலுவையும் தருகிறது. மிட்டாயை அடிக்கடி சுவைத்துக்கொண்டே இருந்தால் உமிழ்நீருக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது.

தருமபுரியும் சென்னையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் கறை படிந்ததை அறிந்த பெற்றோர் ஃபுளோரைடு என்றாலே அஞ்சுவதுண்டு. அங்கே நிலத்தடி நீரில் அது மிகுதி. பல் உருவாகும் வயதில் அந்நீரை நாள்தோறும் குடித்ததே காரணம். இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருக்கக்கூடாது. ஆனால் பற்பசை விழுங்குவதற்கன்று, துப்புவதற்கு. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பல வீடுகளில் ஆர்.ஓ. நீரோ கேன் தண்ணீரோதான் குடிக்கிறார்கள். ஆர்.ஓ. முறை ஃபுளோரைடின் பெரும்பகுதியை நீக்கிவிடும். எனவே அங்கே பற்பசை வழிக் காப்பு இன்னும் முக்கியமாகிறது.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

• 3 வயதுக்குள் அரிசி மணி அளவு. 3 முதல் 6 வயது வரை பட்டாணி அளவு.
• காலையும் இரவும் துலக்க வேண்டும். இரவு துலக்கியபின் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம்.
• நுரையைத் துப்பினால் போதும். நிறைய நீர்விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் போய்விடும்.
• 7, 8 வயது வரை பெரியவர் உடனிருந்து துலக்கிவிட வேண்டும்.
• 6 வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைப்பது நிலைப்பல். அது விழுந்து மீண்டும் முளைக்காது.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. சத்துணவில் கிடைக்கும் முட்டை ஓட்டை ஒரு நாள் வினிகரில் ஊற வைக்கவும். குமிழிகள் எழுவதையும் ஓடு மெலிவதையும் மாணவர் பதிவு செய்யட்டும். ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட். எனாமல் வேறு வகைக் கால்சியச் சேர்மம். இரண்டையும் அமிலம் கரைக்கும் என்பதே இங்குக் கருத்து.

2. உயர் வகுப்பில் பற்பசை அட்டையைப் படிக்கச் சொல்லவும். இந்தியாவில் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-ஐத் தாண்டக்கூடாது, அளவை உறையில் அச்சிடவும் வேண்டும். 1000 பி.பி.எம். என்றால் 1 கிராம் பசையில் 1 மில்லிகிராம். பட்டாணி அளவான 0.25 கிராமில் எவ்வளவு? விளம்பரத்தில் காட்டுவதுபோல் தூரிகை முழுக்கப் பிதுக்கினால் எவ்வளவு? கணக்கே விடை சொல்லும்.

பல்லில் வெண்புள்ளியோ பழுப்புக் குழியோ தெரிந்தால், வலி வரும்வரை காத்திராமல், பள்ளிக்கு வரும் சிறார் நல மருத்துவக் குழுவிடம் காட்டலாம். கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் அனுப்பலாம். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பட்டாணியையும் ஒரு பற்பசைக் குழாயையும் மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்குங்கள்.