பழுதான பேட்டரி தெளிப்பானைச் சீர்செய்யச் செயற்கை நுண்ணறிவின் துணை



நெல்லில் புகையான் தென்படுகிறது. விடிந்ததும் மருந்தடிக்க வேண்டும். தெளிப்பானின் சுவிட்சைப் போட்டால் சத்தமே இல்லை. கடைக்கு எடுத்துச் சென்றால், "இதைப் பிரித்துப் பார்ப்பதைவிடப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பழையது கொட்டகை மூலைக்குப் போய், சில மாதங்களில் காயலான் கடைக்குப் போகிறது. இப்படி ஒதுக்கப்படும் தெளிப்பான்கள் பலவற்றில் பழுது ஒரு பேட்டரியிலோ, ஒரு சிறு சுவிட்சிலோ, கழன்ற வயரிலோதான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க உங்கள் கைபேசியே இப்போது துணை செய்யும்.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் தமிழில் எழுதினாலும் பேசினாலும் பதில் தருகின்றன. படம் எடுத்து அனுப்பினால் அதையும் பார்த்துச் சொல்கின்றன. எனினும் ஒன்றை மறக்கலாகாது. ஏராளமான எழுத்துகளைக் கொண்டு பயிற்றப்பட்டு, கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் விடையைக் கோத்துத் தருவதே இவற்றின் வேலை. உங்கள் தெளிப்பானை இவை தொட்டுப் பார்க்கவில்லை. தவறான விடையையும் சரியான விடையைப் போலவே உறுதியாகச் சொல்லும். "மாடு தீனி எடுக்கவில்லை" என்று மட்டும் சொன்னால் கால்நடை மருத்துவர் சும்மா இருக்க மாட்டார்; காய்ச்சல் உண்டா, அசை போடுகிறதா, சாணம் எப்படி என்று கேட்பார். செயலியோ பல சமயங்களில் எதையும் கேட்காமல் பத்துக் காரணங்களை அடுக்கிவிடும். ஆகையால் பார்ப்பதும் அளப்பதும் உங்கள் பொறுப்பு.

எந்திரத்தின் உள்ளே

திறப்பதற்கு முன் தொட்டியில் மீதமுள்ள மருந்தை அகற்றி, நல்ல நீரால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். கையுறை அணியுங்கள். சார்ஜர் செருகப்பட்டிருக்கக் கூடாது.

பெரும்பாலான தெளிப்பான்களில் அடிப்பாகத்தில் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும், ஒரு சிறு மோட்டார் பம்பும் இருக்கும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச் வழியாக மின்சாரம் பம்புக்குச் செல்கிறது. பம்பின் தலையில் அழுத்த சுவிட்ச் ஒன்று உண்டு. தெளிக்கும் கைப்பிடியை விட்டதும் குழாயில் அழுத்தம் ஏறி, இந்தச் சுவிட்ச் மோட்டாரை நிறுத்துகிறது; மீண்டும் பிடித்ததும் அழுத்தம் இறங்கி மோட்டார் ஓடுகிறது. மருந்து கசிந்து காய்ந்தாலும் துரு ஏறினாலும் இது ஒட்டிக்கொள்ளும். பேட்டரியும் மோட்டாரும் நன்றாக இருந்தும் எந்திரம் ஊமையாகிவிடுவது இதனால்தான் நேர்கிறது. பலருக்கு இப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே தெரியாது.

அளப்பதற்கு ஒரு மல்டிமீட்டர் தேவை. சில நூறு ரூபாயில் மின்சாமான் கடைகளில் கிடைக்கும். நேர் மின்னோட்டத்தில் 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் கூட்டல் குறியிலும் கறுப்பு முனையைக் கழித்தல் குறியிலும் வையுங்கள். முழுவதும் சார்ஜ் ஏற்றிச் சில மணி நேரம் ஓய்வில் இருந்த ஈய அமில பேட்டரி ஏறக்குறைய 12.6 முதல் 12.8 வோல்ட் காட்ட வேண்டும். இது முதல் அளவு.

இரண்டாவது அளவுதான் முக்கியமானது. மீட்டரை எடுக்காமலே தெளிப்பானின் சுவிட்சைப் போடுங்கள். 12.7 இருந்தது சட்டென்று 7, 8 என்று விழுந்தால் பேட்டரி சுமை தாங்கவில்லை என்று பொருள். சிறிதும் இறங்காமல் மோட்டாரும் ஓடாமல் இருந்தால், மின்சாரம் பேட்டரியை விட்டே வெளியேறவில்லை. வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த ஒரு சோதனை செய்யாமல் நல்ல பேட்டரியை மாற்றிப் பணத்தை வீணாக்கியவர்கள் உண்டு.

கேட்கும் முறை

பேட்டரியின் மேலுள்ள எழுத்துகளையும், பம்பையும், வயர் இணைப்புகளையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பிறகு இவ்வாறு கேட்கலாம்:

"16 லிட்டர் தெளிப்பான். 12 வோல்ட், 8 ஆம்பியர் மணி ஈய அமில பேட்டரி. வாங்கி 2 ஆண்டுகள். 3 மாதம் பயன்படுத்தவில்லை. சார்ஜ் ஏற்றியபின் 12.7 வோல்ட். சுவிட்சைப் போட்டாலும் அதே அளவு. மோட்டார் ஓடவில்லை. ஒரு நேரத்தில் ஒரு சோதனை மட்டும் சொல்; நான் செய்து பார்த்துச் சொன்னபின் அடுத்ததைச் சொல்."

கடைசி வரி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். மேற்சொன்ன கேள்விக்கு ஃபியூஸ், சுவிட்ச், இணைப்புகள், அழுத்த சுவிட்ச் என்ற வழியில் சோதனை செல்ல வேண்டும். அழுத்த சுவிட்சின் இரு வயர்களையும் ஒரு கணம் சேர்த்துப் பார்க்கையில் மோட்டார் ஓடினால், கோளாறு அந்தச் சுவிட்சில் என்பது உறுதி. ஆனால் அப்படியே நிரந்தரமாகச் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். அழுத்தம் மிஞ்சிக் குழாய் பிய்த்துக்கொண்டு மருந்து உடம்பில் தெறிக்கும். மாறாக, செயலி எடுத்த எடுப்பில் "பேட்டரியை மாற்று" என்றால், "அளவு இறங்கவில்லையே, ஏன்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

நம்பக் கூடாத இடங்கள்

எரிந்த ஃபியூசுக்குப் பதிலாகக் கூடுதல் ஆம்பியர் ஃபியூசையோ கம்பியையோ போடலாம் என்று எந்த வாய் சொன்னாலும் கேட்காதீர்கள். மூடிய பேட்டரியைத் திறந்து அமிலம் ஊற்றுவதும் கூடாது. இப்போது லித்தியம் பேட்டரி பொருத்திய தெளிப்பான்களும் விற்கின்றன. ஈய அமில பேட்டரியின் சார்ஜரை அதில் செருகினால் தீப்பிடிக்கக்கூடும். உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ பிரிக்கவோ வேண்டாம். உங்களிடம் இருப்பது எந்த வகை என்பதைப் பேட்டரியின் மேல் உள்ள எழுத்தைப் பார்த்து நீங்களே உறுதிசெய்யுங்கள்.

இதில் கிடைத்த துணிவோடு மும்முனை மின்சார ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்துவிடாதீர்கள். 12 வோல்ட்டில் செய்த தவறு ஒரு ஃபியூசோடு போகலாம். 415 வோல்ட்டில் உயிர் போகும். அதற்கு வயர்மேன்தான் வர வேண்டும்.

பழைய பேட்டரி

2022ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியுள்ளது என்றும் 2024இல் வெளியான ஐக்கிய நாடுகள் அறிக்கை கூறுகிறது. மிச்சத்தில் நம் ஊர்க் காயலான் கடையில் உடைபடுவதும் அடங்கும். ஈயம் மண்ணிலும் கிணற்றிலும் சேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது குழந்தைகள். பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீது வைத்துள்ளன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். உதிரிபாகமோ கையேடோ கிடைக்காவிட்டால், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைப் பாருங்கள். வேளாண் கருவிகளும் அதன் வரம்பில் உள்ளன.

ஈய அமில பேட்டரி பெரும்பாலும் உழைத்துச் சாவதில்லை. காலியாகக் கிடந்துதான் சாகிறது. பருவம் முடிந்ததும் முழுவதும் சார்ஜ் ஏற்றி நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். அன்றைய தேதியையும் வோல்ட் அளவையும் ஒரு தாளில் குறித்துத் தெளிப்பானோடு கட்டி வைத்தால், அடுத்த முறை பழுதாகும்போது அந்தத் தாளையே படமெடுத்துச் செயலிக்கு அனுப்பலாம்.